மாமியார் வீட்டில் செத்த எலி

யார் வீட்டுக்குப் போனாலும் நான் வாசலோடு சரி. "உள்ள வாங்க" என்பார்கள். "இல்லங்க, அவசரமாப் போறேன், இன்னொரு நாள் வாரேன்" என்பேன். பைக் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே இருப்பேன், நிஜமாகவே அவசரம் என்று அவர்கள் நம்புவதற்காக. ஒரு அவசரமும் இருக்காது. அங்கிருந்து கிளம்பித் தெருமுனை டீக்கடையில் வெட்டியாக நின்றுகொண்டிருப்பேன். சில சமயம் அந்த வீட்டுக்காரரே டீ குடிக்க அங்கே வந்துவிடுவார். அப்போது பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டரை மும்முரமாகப் படிப்பேன்.

விஷயம் இதுதான்: எனக்குக் கால் நாறும். வீட்டுக்குள் போவதென்றால் ஷூவைக் கழற்ற வேண்டும். கழற்றினால் கதை முடிந்தது. வாய் நாறினால் வாயை மூடிக்கொள்ளலாம். சட்டை நாறினால் மாற்றிக்கொள்ளலாம். காலை என்ன செய்வது, கையில் தூக்கிக்கொண்டா திரிய முடியும்?

திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு நூற்பு மில்லில் எனக்கு வேலை. நூல் ஓடும்போது அறுந்துபோகாமல் இருக்கக் காற்றில் ஈரம் வேண்டும். அந்த ஈரத்தைக் கொடுக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது நான். தரை எப்போதும் நசநசவென்று இருக்கும். முன்பக்கம் இரும்பு வைத்த பாதுகாப்பு ஷூவை ஷிஃப்ட் முடிகிற வரை கழற்றக் கூடாது. நூலுக்கு ஈரம் கொடுத்துக் கொடுத்து என் காலும் நிரந்தரமாக ஊறிப்போயிற்று. தோல் பதனிடும் ஆலைகள் இருக்கிற ஊர் எங்களுடையது. வாடை எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் அது ஊர் வாடை, யாரும் யாரையும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். என்னுடையது சொந்த வாடை.

கோயிலிலும் இதே பாடுதான். நாங்கள் கத்தோலிக்கர்கள். எங்கள் பங்குக் கோயிலில் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் பூசைக்குப் போக வேண்டும். நான் கடைசித் தூணுக்குப் பக்கத்தில், கதவோரமாக, வெளியே கிடக்கும் செருப்புகளுக்கு அருகில் நின்றுகொள்வேன். வாடை வந்தால் பழி செருப்புகள் மேல் போகட்டும் என்ற கணக்கு. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதை நடக்கும். அதில் ஒவ்வொரு நிலைக்கும் முழந்தாளிட வேண்டும். முழந்தாளிட்டால் உள்ளங்கால் இரண்டும் பின்னால் இருப்பவரின் முகத்துக்கு நேராகத் திரும்பிவிடும். எல்லோரும் ஆண்டவரின் பாடுகளைத் தியானித்துக்கொண்டிருக்க, நான் எனக்குப் பின்னால் யாராவது வந்துவிட்டார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதெல்லாம் பரவாயில்லை. என்னைத் தூங்கவிடாமல் செய்தது மாமியார் வீடுதான்.

என் மனைவிக்குச் சேவுகம்பட்டி. கல்யாணமான புதிதில் அந்த வீட்டுக்கு நானும் சாதாரணமாகப் போய் வந்துகொண்டிருந்தேன். அப்போது எனக்கு மில்லில் அலுவலக வேலை, காலில் திறந்த செருப்பு. ஈரப் பிரிவுக்கு மாற்றிய பிறகு ஒருநாள், ஷிஃப்ட் முடிந்த கையோடு அங்கே சாப்பிடப் போனேன். மாமியார் நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார். வாசலில் ஷூவைக் கழற்றி, சாக்ஸை உருட்டி அதற்குள் திணித்துவிட்டு, கூடத்தில் பாயில் உட்கார்ந்தேன். மச்சான் மரியாதையாக ஃபேனைப் போட்டுவிட்டார்.

ஃபேன்தான் காட்டிக்கொடுத்தது. இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். மாமியார் கரண்டியோடு அப்படியே நின்று மூக்கை உறிஞ்சினார்.

"எங்கிட்டோ எலி செத்துக் கெடக்குடா," என்றார் மகனிடம்.

மச்சானும் உறிஞ்சிப் பார்த்தார். "ஆமாம்மா, பெரிய எலியால்ல இருக்கும் போல."

வீடே எலி தேட ஆரம்பித்துவிட்டது. பீரோவை நகர்த்தினார்கள். நெல் மூட்டைகளைப் புரட்டினார்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் சந்தேகம் வருமோ என்று பயந்து, சோற்றுக் கையைக் கழுவிவிட்டு நானும் தேடக் கிளம்பினேன். அத்தோடு விட்டேனா? "பரண்ல பாக்குறேன் அத்தை" என்று ஸ்டூல் மேல் ஏறினேன். மாமியார் ஸ்டூலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். என் பாதங்கள் சரியாக அவர் முகத்துக்கு நேராக இருந்தன.

"இங்கனதான் மாப்ள! இங்கனதான் கூடுதலா வருது! நல்லாப் பாருங்க!"

பரணில் நான் என்னத்தைப் பார்ப்பது? பழைய அண்டா ஒன்று இருந்தது. அதற்குள் தலையை விட்டுக்கொண்டு செத்த நேரம் அப்படியே நின்றேன். கீழே சமையலறை வாசலில் என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தாள். வீட்டில் அவளுக்குத் தெரியாத எலியா? சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை. இறங்கியதும் அவசர வேலை என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, ஷூவைக் கூட ஒழுங்காகக் கட்டாமல் கிளம்பிவிட்டேன். மாமியார் தெரு வரை ஓடி வந்தார். "மாப்ள சாப்பிட வந்த அன்னைக்கா இப்படி ஆகணும், மனசுல வச்சுக்காதீங்க மாப்ள" என்று கண் கலங்கினார். நான் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு அந்த வீட்டுக்குள் நான் காலெடுத்து வைக்கவில்லை. மனைவியை கேட் வரை கொண்டுபோய் விடுவேன், என்ஜினை அணைக்காமலே திரும்புவேன். மாமியார் டம்ளரில் காபியோடு கேட்டுக்கு வருவார். நின்றுகொண்டே, நாக்கைச் சுட்டுக்கொண்டு குடித்துவிட்டு ஓடுவேன். வருடங்கள் இப்படியே போயின. டவுன் மாப்பிள்ளைக்குத் தலைக்கனம் என்று சொந்தக்காரர்கள் பேசுவது என் காதுக்கும் வந்தது. "சொல்லிடவா?" என்று மனைவி பல தடவை கேட்டிருக்கிறாள். சொன்னால் அப்புறம் அந்த ஊர்ப் பக்கமே தலைகாட்ட முடியாது என்று நான் அவள் வாயை அடைத்துவிடுவேன். அவளும் சொல்லவில்லை. பேச்சையெல்லாம் அவளே வாங்கிக்கொண்டாள்.

தவக்காலம் தொடங்குகிற ஒரு திருநீற்றுப் புதன் அன்று, கோயிலிலிருந்து வந்து நெற்றியில் சாம்பல் சிலுவையோடு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அம்மா வீட்டைப் புதுசாக்கியிருக்கு. ஈஸ்டருக்கு மறுநாள் எங்க ஊர்ச் சாமியார் வந்து தீர்த்தம் தெளிச்சு மந்திரிக்கிறாரு. நீங்க உள்ள வந்து உக்காந்து சாப்பிடணும்."

"பாப்போம்."

"பாக்குறதுக்கு ஒண்ணுமில்ல. நீங்க உள்ள வரலைன்னா, இனிமே நானும் அந்த வீட்டுக்குப் போகமாட்டேன். கேட்ல நின்னு காபி குடிக்கிற புருசனோட எனக்கு என்ன அம்மா வீடு? அம்புட்டுத்தான்."

அவள் வெறும் வாய்க்குப் பேசுகிறவள் இல்லை. ஒருதடவை என் தங்கையோடு பேசமாட்டேன் என்றவள், தங்கையே வந்து கையைப் பிடிக்கிற வரை பேசவில்லை. தாய் வீட்டையும் அப்படித்தான் விடுவாள். மனசுக்குள் அழுதுகொண்டே விடுவாள். அன்று இரவு நான் புரண்டு புரண்டு படுத்தேன். கால்களைப் போர்வைக்குள் வைப்பதா வெளியே வைப்பதா என்றுகூட என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

அதுவரை நான் வைத்தியமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். செய்ததெல்லாம் கோணல் வைத்தியம். ஷூவுக்குள் சென்ட் அடித்தேன். மல்லிகைப்பூ மேல் எலி செத்த மாதிரி ஆயிற்று. சாக்ஸுக்குள் முகப்பவுடரைக் கொட்டினேன். மத்தியானத்துக்குள் விரல் இடுக்கில் கூழாகிவிட்டது. நாப்தலின் உருண்டை போட்டேன், மில் வேனில் பக்கத்தில் உட்கார்ந்தவர், "யாரு பீரோவைத் திறந்தது?" என்று கேட்டார். ஷூவையே துவைத்து, காய்வதற்குள் மாட்டிக்கொண்டு போனதுதான் இருப்பதிலேயே பெரிய முட்டாள்தனம்.

இந்தத் தடவை தோல் டாக்டரிடம் போனேன். உள்ளங்காலைத் திருப்பி லைட் அடித்துப் பார்த்தார். குதிகாலில் ஊசி குத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகள் இருந்தன. இத்தனை வருடம் நான் என் காலை அப்படிக் குனிந்து பார்த்ததே இல்லை.

"வேர்வை நாறாது சார்," என்றார். "ஊறுன தோலைத் திங்குற கிருமிதான் நாறுது. குழிக்கு மருந்து எழுதித் தாரேன். ஆனா மருந்தை விட முக்கியம் காலைக் காய வைக்கிறது. மில்லுல ஷூ போட்டுத்தான் ஆகணும்னா, மத்த நேரமெல்லாம் காலைக் காத்தாட விடுங்க."

வீட்டு வைத்தியத்தை மனைவி கையில் எடுத்துக்கொண்டாள். ஷூ இரண்டு ஜோடி. ஒன்று காலில் இருந்தால் மற்றொன்று மொட்டை மாடியில், உள்அட்டையை உருவித் தனியாகக் காய வைத்து, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து. சாக்ஸ் பருத்தியில்தான். சாப்பாட்டு நேரத்தில் மாற்றிக்கொள்ள இன்னொரு ஜோடி டிபன் பைக்குள், ஆனால் டிபன் பாக்ஸை விட்டுத் தள்ளி. வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டு ஒவ்வொரு விரல் இடுக்கையும் தேய்க்க வேண்டும். காலுக்கென்று தனித்துண்டு. துடைத்த பிறகு ஃபேனுக்கு அடியில் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு கிடக்க வேண்டும். என்னைக் காட்டிக்கொடுத்த அதே ஃபேனுக்கு நான் காலை நீட்டினேன்.

இதற்கு மேல் டீ. பால் சேர்க்காத கெட்டி டீத்தண்ணியை ஆறவைத்து, பேசினில் ஊற்றி, அதற்குள் காலை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். டீயிலிருக்கும் துவர்ப்பு வேர்வைத் துவாரத்தை இறுக்கும் என்று எங்கோ கேட்டுவந்திருந்தாள். "நம்ம வீட்டுக்கு வர்ற விருந்தாளிக்குக்கூட நான் இம்புட்டு டிகாஷன் இறக்குனதில்ல" என்று அலுத்துக்கொண்டே ஊற்றினாள். என்னால்தான் உட்கார முடியவில்லை. பேசினில் காலை வைத்துக்கொண்டே எழுந்திருக்கப் பார்ப்பேன். கூடமெல்லாம் டீ சிந்தும். ஒருநாள் அவள் இல்லாத சமயம், சீக்கிரம் குணமாக்கும் அவசரத்தில், வினிகரில் தண்ணீர் கலக்காமல் காலை விட்டேன். விரல் இடுக்கில் வெடிப்பு இருந்தது எனக்கு மறந்துவிட்டது. நான் போட்ட கூச்சலில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். "என்ன ஆச்சு?" என்று வாசலில் நின்றவரிடம், "ஒண்ணுமில்ல, எலி" என்று வாய்தவறிச் சொன்னேன்.

தினமும் படுக்கப்போகுமுன் பரீட்சை நடக்கும். நான் கட்டிலில் உட்கார, அவள் குனிந்து என் பாதத்துக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுவந்து உறிஞ்சிப் பார்ப்பாள். முதல் வாரம் முழுக்க ஒரே தீர்ப்பு: "பெருச்சாளி." பிறகு ஒருநாள் யோசித்துவிட்டு, "சாதா எலி" என்றாள். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. மறுநாள் மழை பெய்து ஷூ நனைந்து மீண்டும் பெருச்சாளி. நான் துண்டை வீசி எறிந்தேன். கத்தினேன். கால் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம், வேறு யாருடைய காலையோ என் உடம்பில் ஒட்டிவிட்டதைப் போல. அவள் துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டு, "நாளைக்குப் பாப்போம்" என்று படுத்துவிட்டாள்.

காற்றாட விடச் சொன்னார் அல்லவா டாக்டர்? எனக்கு எதையும் அளவோடு செய்து பழக்கமில்லை. மில்லைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் செருப்பே போடாமல் போக ஆரம்பித்தேன். திண்டுக்கல் வெயில் தார் ரோட்டில் என்ன செய்யும் என்று நடந்தவர்களுக்குத்தான் தெரியும். நிழல் விட்டு நிழல் தாவித் தாவிக் காய்கறி வாங்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் வெறுங்காலோடு போனேன்.

அங்கேதான் வினை. எங்கள் ஆட்களில் சிலர் தவக்காலம் முழுக்கச் செருப்புப் போடாமல் நேர்ச்சை இருப்பார்கள். என்னைப் பார்த்தவர்களுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. எனக்கு அந்த வழக்கமே ஞாபகத்துக்கு வரவில்லை என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? வழக்கமாக என்னைக் கண்டுகொள்ளாத ஒரு அம்மா பூசை முடிந்து பக்கத்தில் வந்து, "எங்களுக்காகவும் வேண்டிக்கோங்க தம்பி" என்றார். நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் உபதேசியார் வீட்டுக்கு வந்தார். கோயில் காரியங்களையெல்லாம் பார்த்துக்கொள்கிறவர், நல்ல மனிதர்.

"பெரிய வியாழன் பாதம் கழுவுற சடங்குக்கு உங்க பேரைச் சாமியார்கிட்ட குடுத்துட்டேன்," என்றார். "பன்னிரண்டு பேர்ல நீங்க ஒரு ஆளு."

இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்து, அன்று மாலைப் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேரின் பாதத்தைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். பீடத்துக்கு முன்னால். பங்கு மக்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க.

"வேணாங்க. எனக்குக் கால் நாறும்," என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக வெளி ஆளிடம் வாய்விட்டுச் சொன்னேன். "அதுக்கு வைத்தியம் பாக்குறேன். அதுக்காகத்தான் செருப்புப் போடல. நேர்ச்சையெல்லாம் ஒண்ணுமில்ல."

உபதேசியார் என் வெறுங்காலைப் பார்த்தார். அவர் கண் பனித்துவிட்டது.

"நோன்பை மறைச்சு இருக்கணும்னு ஆண்டவரே சொல்லியிருக்காரு," என்றார். "இந்தத் தாழ்ச்சி இருக்கே, இதாங்க வேணும்."

"ஐயோ, நிஜமாவே நாறுங்க!"

"நம்ம பாவத்தை விடவா?" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

உண்மையைச் சொன்னாலும் எடுபடாத ஒரு நிலைமைக்கு வந்து சேர்ந்திருந்தேன். செய்தி சேவுகம்பட்டி வரை போயிற்று. மாமியார் போனில் என் மனைவியிடம், "மாப்ள இம்புட்டு சுத்தபத்தமான ஆளா? அதான் நம்ம வீட்டுக்குள்ள வர யோசிக்கிறாரு போல" என்று குரல் தாழ்ந்து சொன்னாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வியாழக்கிழமை இரவு ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றிருந்தது.

மனைவி விடவில்லை. "சாமியார் எந்தக் காலைக் கழுவுவாரு?"

"வலது கால்."

"ஒத்தக் காலுக்கே இப்படிப் பயந்தா, ரெண்டு காலோட எங்கம்மா வீட்டுக்கு எப்படி வருவீங்க?"

பெரிய வியாழன் வந்த வாரம் எலி வேகமாகச் சிறுத்தது. திங்கட்கிழமை "சுண்டெலி" என்றாள். புதன்கிழமை நன்றாக உறிஞ்சிப் பார்த்து, "எலி போயிருச்சு, வளை மட்டும் இருக்கு" என்றாள். அது போதாதா? எனக்குப் போதவில்லை. மறுநாள் கோயிலுக்குக் கிளம்புமுன் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து வலது காலில் அப்பிக்கொண்டேன். கழுவிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பீடத்துக்கு முன்னால் அரைவட்டமாக நாற்காலிகள். எனக்குக் கடைசிக்கு முந்தினது. தலைக்கு மேல் ஃபேன்கள் எல்லாம் முழு வேகத்தில் சுற்றின. சாமியார் ஒவ்வொருவராக முடித்துக்கொண்டு என்னை நோக்கி வர வர, என் கால் தானாகவே நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டது. வயதான மனிதர், முட்டி வலியோடு மூச்சு வாங்க மண்டியிட்டார். என் குதிகாலைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடம் யார் கண்ணுக்கும் படாமல் ஒளித்து வைத்திருந்த பாதத்தை ஒருவர் கையில் வைத்திருந்தார். வெள்ளைத் துண்டால் துடைத்தார். துண்டு பளீரென்று மஞ்சளாகிவிட்டது. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாமியார் குனிந்து முத்தமிட்டார். நிமிரும்போது மெதுவாக, "மஞ்சளா?" என்று கேட்டார். "ஆமா சாமி" என்றேன். "நல்லது" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. சாமியாருக்கு வாடை வந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவே இல்லை. பெருச்சாளியாகவே இருந்திருந்தாலும் அவர் முத்தமிட்டிருப்பார். அவருடைய கடமை அது. மாமியாருக்கு அப்படி ஒரு கடமையும் கிடையாது. மூக்கில் பட்டதை அப்படியே சொல்கிறவர் அவர்.

ஈஸ்டருக்கு மறுநாள் பஸ்ஸில் கிளம்பினோம். கொடைக்கானல் போகிற கூட்டம் வேறு. செம்பட்டி வரை நின்றுகொண்டே வந்தோம். காலில் திறந்த செருப்புத்தான், ஆனாலும் பயத்துக்கே வேர்த்தது. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஓரமாகப் போய், பாட்டில் தண்ணீரை ஊற்றிக் காலைக் கழுவி, பையிலிருந்த துண்டால் துடைத்தேன். மினி பஸ் வரத் தாமதமானது. மறுபடியும் கழுவினேன். மூன்றாவது பாட்டிலை வாங்கப் போனபோது மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "போதும். தோலு உரிஞ்சுறப் போகுது."

நாங்கள் போய்ச் சேரும்போது மந்திரிப்பு முடிந்திருந்தது. அந்த ஊர்ச் சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டுக் கிளம்பியிருந்தார். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே பேச்சுச் சத்தம். மனைவி என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டுக்குள் போய், முற்றத்தில் நின்றுகொண்டாள். நான் வரவில்லையென்றால் அவளும் அங்கிருந்தே திரும்பிவிடுவாள் என்று அந்த முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

மாமியார் வெளியே வந்தார். கையில் காபி டம்ளர். வழக்கம்போல கேட்டுக்குத்தான் வந்தார். நான் உள்ளே வரமாட்டேன் என்று அவருக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது. "வாங்க மாப்ள" என்று டம்ளரை நீட்டினார்.

டம்ளரை வாங்கிக்கொண்டேன். குடிக்கவில்லை. செருப்பை உதறிவிட்டு முற்றத்தைத் தாண்டிப் படியேறி வீட்டுக்குள் காலை வைத்தேன்.

பழைய சிமெண்டுத் தரை இல்லை. கூடம் முழுக்க வெள்ளை டைல்ஸ், முகம் தெரிகிற பளபளப்பு. நான் எடுத்து வைத்த ஒவ்வொரு அடிக்கும் வேர்வையின் ஈரத் தடம் விழுந்தது. ஐந்து விரலும் குதிகாலும் அச்சடித்தது போலத் தெரிந்தன. பின்னாலேயே வந்த மாமியார் அந்தத் தடங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்ப எலி வர வழியே இல்ல மாப்ள," என்றார். "அன்னைக்கு நீங்க பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போனதுல இருந்து எனக்கு மனசே ஆறல. வாடை பிடிக்காமத்தான் நீங்க வரலைன்னு தெரியும். எங்க தேடியும் அந்த எலி கிடைக்கல. கடைசியில தரையவே பேத்துப் பாத்துட்டோம். மூலைக்கு மூலை பேத்தாச்சு. எலும்புகூட இல்ல. எதுக்கும் இருக்கட்டும்னு டைல்ஸ் போட்டுட்டேன். இனிமே நீங்க வரலாம்."

மந்திரிப்பு எதற்கு, டைல்ஸ் எதற்கு என்று எனக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது. என் காலுக்குப் பயந்து நான் ஓடியதில், அவர் தன் வீடு நாறுகிறது என்று இத்தனை வருடம் கூனிக்குறுகி இருந்திருக்கிறார்.

"அத்தை," என்றேன். "அந்த எலி நான்தான்."

"என்ன மாப்ள?"

"என் காலு. அன்னைக்கு நாறுனது என் காலுதான். ஸ்டூல்ல நின்னேனே, உங்க மூஞ்சிக்கு நேரா."

கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். மாமியார் என் காலைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மகள் தலையை ஆட்டினாள். மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். புதுத் தரையை ஒருமுறை கையால் தடவினார்.

"இதுக்கா நான் வீட்டையே பேத்தேன்?" என்றார். பிறகு மகள் பக்கம் திரும்பி, "ஏண்டி, எலின்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே, நீயாவது வாயத் திறந்தியாடி?" என்று கத்தினார். சிரிப்பும் அழுகையுமாக முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் மனைவியும் அதே போலத்தான் அன்று முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

பிறகு எழுந்து, என் கையிலிருந்த காபி டம்ளரைப் பிடுங்கிக் கீழே வைத்தார். "நின்னுக்கிட்டு என்ன காபி? உக்காருங்க" என்று கூடத்தின் நடுவில் பாயை விரித்தார். நான் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அவர் நேரே சுவருக்குப் போய் ஃபேன் சுவிட்சைப் போட்டு, ரெகுலேட்டரைக் கடைசி வரை திருகினார்.

ஃபேன் சுழல ஆரம்பித்தது. மச்சான் என்னைப் பார்க்கவில்லை. என் மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாமியார் முகத்தைத் தூக்கி மூக்கை உறிஞ்சினார், அன்று போலவே. என் கைகள் தரையில் ஊன்றிக்கொண்டன, எழுந்து ஓடுவதற்கு. அவர் மறுபடியும் உறிஞ்சினார்.

"ஏய்," என்று அலறினார். "கோழிக் குழம்பு அடிப்பிடிக்குதுடி!"

தாயும் மகளும் சமையலறைக்கு ஓடினார்கள். நான் ஊன்றிய கையை எடுத்துவிட்டு, சம்மணத்தை இன்னும் நன்றாகப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.